முதுகு காட்டிப் பேசியவர்

என் அப்பா ராசப்பனுக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "வாங்க" என்பார். இலை போட்டதும் "சாப்புடுங்க" என்பார். கிளம்பும்போது "போயிட்டு வாங்க" என்பார். நடுவில் மூன்று மணி நேரம் போயிருக்கும். அந்த மூன்று மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில், மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தே பதில் சொன்னார். அவர்கள் போன பிறகு, காலண்டரோடுதான் சம்பந்தம் பேசினீர்களா என்று கேட்டேன். அதற்கும் காலண்டரைத்தான் பார்த்தார்.

நான் இலக்கியா, அவருக்கு ஒரே பிள்ளை. சேலத்தில் ஒரு ஜவுளி கம்பெனியில் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு, நாலு பேர் முன்னால் நின்று எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. இப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு மகள் என்று அம்மா மாரக்காள் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அப்பாவின் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். மழையை நம்பிய இரண்டு ஏக்கர் காடு, அதில் சோளம் விளைந்தால் விளைந்தது, இல்லாவிட்டால் இல்லை. பதினாறு வயதில் லாரி ஏறிவிட்டார். ஏழு வருடம் கிளீனராக இருந்து கண்ணாடி துடைத்து, டயர் கழற்றி, இருபத்து மூன்றில் ஸ்டீரிங் பிடித்தார். அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருடம் ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போவார். வரும்போது வெங்காயமோ சோயாவோ ஏற்றி வருவார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில், மீதி நாள் வீட்டில். வீட்டில் இருக்கும் நாட்களிலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி ஒரு ஓரமாகத்தான் இருப்பார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படி இல்லை என்று அம்மா சொல்வாள். கல்யாணமான புதிதில் அம்மாவை லாரியிலேயே கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறார். நான் பிறந்த பிறகும், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எங்களை ஏற்றிக்கொண்டு போவாராம். லாரியில் உட்கார்ந்தால் அப்பா வாயே மூட மாட்டார், ஹைதராபாத் போய்ச் சேருகிற வரைக்கும் கதைதான், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்று அம்மா சொல்வாள். நான் நம்பியதே இல்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அம்மாவின் மடி, டீசல் வாசம், அப்பா ஹாரன் அடிக்கச் சொல்லித் தூக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

பிறகு திடீரென்று அது நின்றுபோனது. நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடத்திலிருந்து அப்பா எங்களை லாரியில் ஏற்றவே இல்லை. லீவு விட்டதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன், அவர் விடியுமுன்பே கிளம்பிப் போயிருப்பார். அம்மா இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். ரோடு முன்ன மாதிரி இல்லை என்றாராம். நான் அழுது, கோபித்து, கடைசியில் எனக்கு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்கு எங்களைச் சலித்துவிட்டது. ஆறு வயதில் எடுத்த அந்த முடிவை நான் இருபத்தாறு வயது வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன வருடம் சர்க்கரை அவர் கண்ணில் இறங்கிவிட்டது. இனிமேல் பெரிய வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான். எட்டு மாதம். காலையில் நடந்து ஹைவே வரைக்கும் போவார், பாலத்துக்குப் பக்கத்தில் நின்று போகிற லாரிகளைப் பார்ப்பார், வெயில் ஏறினதும் திரும்பி வருவார். அவர் உடம்பு இளைப்பதைக் காட்டிலும் அங்கே அப்படி நிற்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்த விஷயத்தில் நான் அவர் மகள்தான்.

அப்போதுதான் சிவபிரகாஷ் என்பவர் வீடு தேடி வந்தார். ஹைவே ஓரத்தில் டிரைவர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தும் பயிற்சி மையம் ஒன்றுக்கு அவர் மேனேஜர். புதன்கிழமைதோறும் எண்பது, தொண்ணூறு டிரைவர்கள் வருவார்களாம். அதிகாரிகள் வந்து பேசினால் யாரும் கேட்பதில்லை, முப்பது வருடம் ஓட்டியும் ஒரு விபத்துகூடச் செய்யாத டிரைவர் ஒருவர் அரை மணி நேரம் பேசினால் கேட்பார்கள், ஊரில் விசாரித்தால் எல்லாரும் உங்கள் பேரைத்தான் சொல்கிறார்கள் என்றார். ஒரு தடவை பேசிப் பார்க்கலாம், சரியாக வந்தால் வாராவாரம் வரலாம், சம்பளமும் உண்டு என்றார்.

அப்பா கட்டைவிரலைப் பார்த்தபடி, வேண்டாமுங்க என்று தலையாட்டினார். சிவபிரகாஷ் விடவில்லை. டயரைப் பற்றிப் பேசலாம், பிரேக்கைப் பற்றிப் பேசலாம், பேப்பர்களைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி என்று அடுக்கிக்கொண்டே போனார். தூக்கம் என்றதும் அப்பாவின் தலையாட்டல் நின்றது.

"தூக்கத்தப் பத்தின்னா பேசறனுங்க" என்றார்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பேச்சுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அப்பா வாழ்க்கையில் முதன்முறையாக என் வேலைக்குள் வந்து மாட்டிக்கொண்டார், நான் விடுவேனா. தினமும் வேலை முடிந்து வந்ததும் வகுப்பு. எதிரில் இருப்பவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்கள் கண்ணை மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்த முகமாக ஆரம்பிக்க வேண்டும், கையைக் கட்டக் கூடாது, முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், எதையும் மூன்று விஷயமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றேன். பன்னிரண்டு ஸ்லைடு தயார் செய்தேன். விபத்துக் கணக்கு, தூங்கும் மூளையின் படம், கொட்டாவி விடும் ஒரு வெள்ளைக்கார டிரைவரின் படம் எல்லாம் அதில் இருந்தன.

அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஆனால் கூடத்தில் நிற்கவைத்து நானும் அம்மாவும் எதிரில் உட்கார்ந்ததும், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். கையை அவிழ்க்கச் சொன்னால் கண் மேலே போய் ஃபேனில் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறக்கச் சொன்னால் வாய் நின்றுவிட்டது. முதல் நாள், இரண்டாம் நாள், ஆறாம் நாள், எல்லா நாளும் இதேதான். அம்மா சும்மா உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் புள்ள சொல்ற மாதிரி எல்லாம் உங்களுக்கு வராதுங்க என்று ஒருமுறை சொன்னாள். நான் அவளை முறைத்தேன்.

எட்டாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கிட்டத்தான் இத்தன வருசமாப் பேசலீங்க. காசு குடுக்கறவங்ககிட்டயாச்சும் பேசுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. சொன்ன மறு நிமிடமே எனக்குச் சுட்டது, ஆனால் எழுந்து பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வகுப்பும் நடக்கவில்லை.

புதன்கிழமை காலையில் காரை எடுத்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

தகரக் கூரை போட்ட நீளமான ஹால். எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, எண்பது டிரைவர்கள். வந்தே ஆக வேண்டும் என்பதால் வந்தவர்கள், பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள். அப்பாவுக்கு முன்னால் ஒரு அதிகாரி தூக்கமின்மையால் ஏற்படும் விபத்துகள் என்று நாற்பது நிமிடம் பேசினார். அவர் பேசி முடித்தபோது இரண்டு வரிசை டிரைவர்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அப்பா. நான் லேப்டாப்பில் முதல் ஸ்லைடைப் போட்டேன். அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். அப்பா மைக்குக்கு முன்னால் போய் நின்று, "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மைக் லேசாகக் கூவியது. அப்பா கையைக் கட்டினார், என்னைப் பார்த்துவிட்டு அவிழ்த்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி மூன்று முகங்களைத் தேடினார் என்று நினைக்கிறேன், எண்பது முகமும் அவரைத் தேடி வந்திருக்க வேண்டும், கண் தரைக்குப் போய்விட்டது. நெற்றியில் வேர்வை. ஒரு நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "அண்ணா, கியர் உழுவ மாட்டேங்குதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஹால் முழுக்கச் சிரித்தது. தூங்கியவர்கள்கூட எழுந்து எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

 இந்த மனிதர் எட்டு மாதம் வெறுமனே உட்கார்ந்திருந்தது போதாதென்று, இங்கே கொண்டுவந்து இப்படி நிறுத்திவிட்டேனே என்று எனக்கு இருந்தது. சிவபிரகாஷ் வாட்சைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்ற முகத்தோடு பாதி எழுந்தார்.

அதற்குள் அம்மா எழுந்து நடந்து வந்துவிட்டாள். எண்பது ஆண்களுக்கு நடுவே இருக்கிற வழியில், தன் வீட்டு வாசலில் நடக்கிற மாதிரி நடந்தாள். முன்னால் கிடந்த ஒரு நாற்காலியை எடுத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்க்கிற மாதிரி போட்டாள். அதற்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, இன்னொரு நாற்காலியை அதே மாதிரி போட்டாள். இடப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. நேரே எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அப்பா அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.

இரண்டு முதுகுகள். இது என்ன கூத்து என்று சிரிப்பு மறுபடி கிளம்பியது, ஆனால் பாதியில் அடங்கியது. லாரிக்குள் ஓட்டுகிறவர், பக்கத்தில் கிளீனர், இரண்டு பேருக்கும் பின்னால் படுக்கிற பலகை. அதில் படுத்துக்கிடப்பவனுக்குத் தெரிவது இந்த இரண்டு முதுகுகள்தான். அங்கே இருந்த எண்பது பேரும் வருடக்கணக்கில் அந்தப் பலகையில் படுத்துக் கதை கேட்டவர்கள். எனக்குத்தான் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அம்மா மைக்கைக் கையில் எடுத்து அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அப்பாவின் இரண்டு கையும் தானாகவே முன்னால் போய், இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டன.

பிறகு அப்பா பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவசரமில்லாமல், நடுநடுவே தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துப் பேசுகிறவரின் குரல். தூக்கத்தை விரட்ட டிரைவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று ஆரம்பித்தார். புகையிலை போடுவது, கண்ணில் தண்ணீர் அடிப்பது, பாட்டை அலறவிடுவது, கன்னத்தில் அறைந்துகொள்வது. எல்லாம் தான் செய்து பார்த்தது, ஒன்றுக்கும் தூக்கம் பயப்படாது என்றார். தூக்கம் வருகிறது என்று நமக்குத் தெரியும்போது அது வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்றார். கடைசியாகப் போன மூன்று கிலோமீட்டர் கல் நினைவில் இல்லையென்றால், கண் திறந்திருந்தாலும் நீ தூங்கிவிட்டாய், வண்டியை ஓரம் கட்டு என்றார்.

செல்போன்கள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போயின. சின்னண்ணன் என்ற பழைய டிரைவர் ஒருவர் அரைத் தூக்கத்தில் டோல்கேட் பெண்ணிடம் டீ இரண்டு, சர்க்கரை கம்மி என்று சொன்ன கதையைச் சொன்னபோது, ஹால் இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். அந்தக் கதையை எனக்கும் சொல்லியிருக்கலாமே என்று ஒரு பொறாமை வந்தது. என் ஸ்லைடு முதல் பக்கத்திலேயே நின்றிருந்தது, நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். சிவபிரகாஷ் என் பக்கம் குனிந்து, அடுத்த புதனுக்கும் நாற்காலியை இப்படியே போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அப்பா கதையை முடித்தார். பிறகு, "இன்னொண்ணு இருக்குதுங்க. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்" என்றார். "ஒரு விபத்துங்கூடப் பண்ணாத டிரைவருன்னு என்னையக் கூட்டியாந்திருக்கறாங்க. அது நெசமில்லீங்க."

சிவபிரகாஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எம்புள்ளைக்கு அப்ப அஞ்சு வயசு. மே மாசம். ஆத்தூர்ல ஜவ்வரிசி லோடு ஏத்திக்கிட்டு இந்தூருக்குப் போறமுங்க. கிளீனரு அவனூர்ல கோயில் நோம்பின்னு போயிட்டான். அந்த சீட்டுல என்ற சம்சாரம், மடியில புள்ள. அதிலாபாத் தாண்டி ஒரு மரத்தடியில நிறுத்தித் தயிர்சோறு உண்டமுங்க. எல்லாரும் விடியக்காலத் தூக்கத்துக்குத்தான் பயப்படுவோம். எனக்கு வந்தது மத்தியானம் ரெண்டரை மணிக்கு. நல்ல வெளிச்சம். நேர் ரோடு. திரும்பிப் பார்க்கறேன், ரெண்டு பேரும் தூங்கறாங்க. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்."

அம்மாவின் கையில் மைக் அசையவில்லை.

"டமார்னு ஒரு சத்தம். சோத்துப் போசி, எங்க ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இஞ்சின மூடுன பானட்டு மேல வெச்சிருந்த பாத்தரம், கீழ உழுந்து உருளுது. கண்ணத் தொறந்தா வண்டி ரோட்டுக்கு வலது பக்கத்துல போயிட்டிருக்குது. எதுக்க பஸ்ஸு. அந்த டிரைவரு மொகம் தெரியுதுங்க எனக்கு, மீசை தெரியுது. ஸ்டீரிங்க எப்படி ஒடிச்சேன்னு தெரியாது. ஒடிச்சுப்போட்டேன். பஸ்ஸு போயிருச்சு. மூணு நொடி இருக்குமுங்க. திரும்பிப் பார்த்தா இவியெ ரெண்டு பேரும் அப்படியே தூங்கறாங்க. ஒண்ணும் தெரியாது."

அவர் எச்சில் விழுங்கியது மைக்கில் கேட்டது.

"நாப்பது கிலோமீட்டரு நிறுத்தாம ஓட்டுனேன். அப்பறம் டயரு பார்க்கறேன்னு எறங்கிப் பின்னால போயி, டயரப் புடிச்சுக்கிட்டு அழுதனுங்க. திரும்பி வந்து டயரு நல்லா இருக்குதுன்னு சொன்னேன். அன்னையோட செரி. ரெண்டு பேரையும் வண்டியில ஏத்தறதில்லன்னு முடிவு பண்ணிப்போட்டேன். ஏன்னு கேட்டாங்க. எப்படிங்க சொல்றது? இவியெ மொகத்தப் பார்த்தா அந்த பஸ்ஸு நாபகம் வரும், பேச்சு வராது. எங்க குலசாமி கருப்பணாருதான் அன்னைக்கு அந்தப் போசியத் தள்ளி உட்டாருன்னு வருசா வருசம் ஒரு சேவல் குடுத்துட்டு இருக்கறனுங்க."

 அந்த ஐந்து வயதுப் பிள்ளை நான்தான். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவளும் நான்தான். இருபது வருடம் நான் கோபப்பட்டது ஒரு மனிதரின் பயத்தின் மேல் என்று அந்த ஹாலில், எண்பது பேரோடு சேர்ந்துதான் எனக்கும் தெரிந்தது.

"கருப்பணாரு இல்லீங்க" என்றாள் அம்மா.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அவள் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. 

"நான் தூங்குலீங்க. உங்க தலை சாயறதப் பார்த்துட்டேன். கத்துனா நீங்க வெடுக்குன்னு எந்திரிச்சு வண்டிய ஒடிச்சுப்போடுவீங்கன்னு, கையால போசியத் தள்ளி உட்டேன். தள்ளி உட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்."

அப்பா ஏதோ கேட்டார். மைக்கில் விழவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டிருப்பார்.

"பொண்டாட்டி பார்த்துட்டான்னு தெரிஞ்சா, மறுக்காவும் நீங்க தைரியமா ஸ்டீரிங்கத் தொடுவீங்களா? இந்தூரு இன்னும் அத்தாந்தூரம் கெடக்குது. நீங்க டயரு பார்க்கப் போனதும் எனக்குத் தெரியுமுங்க. கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு, "எங்கள ஏன் ஏத்தாம உட்டீங்கங்கறதுதான் எனக்குத் தெரியிலீங்க. நான் அன்னைக்கு முழிச்சிருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்த வெக்கத்துலதான் கூப்புட மாட்டேங்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் நானும் அதுக்கு மேல கேக்குல" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு டிரைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  இல்லாத ஸ்டீரிங்கிலிருந்து அப்பா இரண்டு கையையும் எடுத்தார். இடது பக்கம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நானறிந்து அவர் யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அம்மாதான் தாங்காமல் தலை குனிந்துகொண்டாள்.

பிறகு அவர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றார். கையைக் கட்டவில்லை. அம்மா நீட்டிய மைக்கை வாங்கவில்லை, அவர் குரலே கடைசி வரிசை வரைக்கும் போனது.

"தூக்கம் வந்தாப் பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. வெக்கப்படாதீங்க. ஊட்டுக்குப் போனாலும் சொல்லுங்க. நான் சொல்லியிருந்தா, என்ற புள்ள என்ற வண்டியிலயே வளந்திருப்பா."

எண்பது பேரில் யாரையும் அவர் பார்க்கவில்லை. ஓரத்தில் மூடிய லேப்டாப்போடு நின்றிருந்த என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.